ஊசி முனையில் உண்மை

தோல் அரிக்கிறது, கை எழுகிறது, நகம் தோலைத் தேடி ஓடுகிறது! கட்டளையிட அதிகாரி வேண்டியதில்லை. கற்றுத்தர ஆசான் வேண்டியதில்லை. அரியணையில் அமர்ந்தவனும் சொறிந்தான். அவன் அருகே நின்று சாமரம் வீசியவனும் சொறிந்தான். மாடத்திலே வாழ்ந்தவளும் சொறிந்தாள். மண்குடிசையிலே வாடியவளும் சொறிந்தாள். மேல் என்றும் கீழ் என்றும் மனிதன் போட்டுக்கொண்ட கோடுகள் எதையும் மதிக்காமல், எல்லோரிடமும் ஒன்றாகவே வந்து நிற்கும் உணர்ச்சிகள் சில உண்டு. பசி ஒன்று, தூக்கம் ஒன்று, அரிப்பும் ஒன்று.

இந்த எளிய உணர்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டா என்று கேட்கலாம். உண்டு! மன்னர்களின் மணிமுடிகளைப் பற்றிய வரலாறன்று. மனித அறிவு எப்படி முன்னேறியது, எப்படித் தடுக்கப்பட்டது, தடையை எப்படித் தாண்டியது என்பதைக் காட்டும் வரலாறு. அதிலே ஏழைத் தாய்மார்கள் இருக்கிறார்கள்; சங்கிலி சுமந்த அடிமைகள் இருக்கிறார்கள்; துணிந்து பேசிய இளைஞன் ஒருவன் இருக்கிறான்; அவனை மறுத்த போப்பாண்டவரின் மருத்துவர் இருக்கிறார்; பொய்யுரைத்துப் பட்டம் பெற்றவர் இருக்கிறார்; போர்க்கருவி ஏந்த மறுத்துத் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கித் தந்த தோழர்களும் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் ஆட்டிவைத்தது, ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான நீளமுடைய ஒரு சிறு பூச்சி!

பெயரிலே ஒரு பாடம்

'சொறி' என்பது தமிழிலே செய்யும் செயலுக்கும் பெயர். வரும் நோய்க்கும் பெயர். இலத்தீன் மொழியிலே இந்த நோய்க்கு 'ஸ்கேபிஸ்' என்று பெயர்; சொறிதல் என்ற பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. செருமானியர் வைத்த பெயரும் அவ்வாறே சொறிதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலேயரோ, 'அரிப்பு' என்ற சொல்லையே நோயின் பெயராக்கினர்.

கடலும் மலையும் பிரித்து வைத்த மக்கள் ஒரே வகையாகப் பெயரிட்டது ஏன்? எல்லோரும் கையைப் பார்த்தனர்; நகத்தைப் பார்த்தனர்; சிவந்த தோலைப் பார்த்தனர். காரணத்தை மட்டும் பார்க்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில், கண்ட செயலே பெயராயிற்று. பெயர் வைத்ததும் நோயை அறிந்துவிட்டதாக ஒரு மயக்கமும் பிறந்தது. பெயரைத் தெரிந்துகொள்வது வேறு, பொருளைத் தெரிந்துகொள்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே சொறி நோயைப் பொறுத்தவரை ஏறத்தாழ 2000 ஆண்டு இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது எது? ஏடு! கிரேக்க மருத்துவர் காலென் கி.பி. 2 ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்தவர். உடலில் இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் உள்ளன; அவற்றின் நிலை கெட்டால் நோய் பிறக்கும் என்ற கொள்கையைப் பரப்பியவர். சொறியும் சிரங்கும் கெட்ட நீர்மம் தோல் வழியே வெளியேறுவதன் விளைவு என்று அவர் வழிவந்தோர் கூறினர். காலென் அறிவற்றவர் அல்லர். தம் காலத்திலே பெரும் ஆராய்ச்சியாளர். ஆனால் ஆராய்ச்சியாளரை அருளாளராக்கி, அவர் எழுதியதை மாற்றக்கூடாத மறையாக்கிவிட்டனர் பின்வந்தவர்கள். உடல் ஒன்று சொன்னால், ஏடு வேறு சொன்னால், உடல்தான் தவறு என்று தீர்ப்பளிக்கும் காலம் வந்தது!

விளைவு என்ன? தோலிலே நோய், குடலுக்குப் பேதிமருந்து! விரலிடுக்கிலே புண், கைநரம்பைக் கீறி இரத்தம் வெளியேற்றம்! நோயாளி மெலிந்தான்; நோய் மெலியவில்லை.

இடையிலே உண்மையின் ஓரத்தைத் தொட்டவர்கள் இல்லாமல் போகவில்லை. 12 ஆம் நூற்றாண்டிலே, ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்தில் வாழ்ந்த இப்னு சுஹ்ர் என்னும் மருத்துவர், தோலைக் கீறினால் வெளிவரும் மிகச் சிறிய உயிர்களைப் பற்றி எழுதிவைத்தார். ஆயினும் அந்தக் குறிப்பு, பெருந்திரையின் மீது பட்ட சிறு தீப்பொறியாகவே நின்றது. திரை எரியவில்லை.

லிவோர்னோ துறைமுகத்திலே

ஆண்டு 1687. இத்தாலியிலே தஸ்கனி நாட்டின் துறைமுகம் லிவோர்னோ. கப்பல்கள் வரும், சரக்குகள் வரும், கடற்போரிலே பிடிபட்ட அடிமைகளும் வருவர். துடுப்புப் படகுகளில் கட்டி வைத்து வேலை வாங்கப்பட்ட அந்த அடிமைகளை இரவிலே அடைத்து வைக்கப் பெரிய கொட்டடி ஒன்று அங்கே இருந்தது. நெருக்கம், அழுக்கு, நோய். சொல்லவேண்டுமா சொறியைப் பற்றி!

அந்த ஊரிலே ஜியோவன் கோசிமோ பொனோமோ என்ற மருத்துவர் இருந்தார். வயது இருபதுகளில். தியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். வயது ஐம்பது. பட்டம் பெற்ற இளைஞரும், பட்டறிவு பெற்ற முதியவரும் இணைந்தனர். அவர்கள் கண்ட காட்சி இது: சொறி பிடித்த குழந்தையை மடியிலே கிடத்திக்கொண்டு, ஏழைத் தாய்மார்கள் ஊசி முனையால் தோலிலிருந்து எதையோ எடுத்து நகத்திலே வைத்து நசுக்குகிறார்கள். கொட்டடியிலே ஓர் அடிமை மற்றோர் அடிமைக்கு அதையே செய்கிறான்.

எத்தனை மருத்துவர்கள் அந்தக் காட்சியைக் கடந்து சென்றிருப்பார்கள்! எழுத்தறியாப் பெண்ணின் ஏதோ ஒரு பழக்கம் என்று எண்ணியிருப்பார்கள். இவர்கள் இருவரும் நின்றார்கள், கேட்டார்கள், பார்த்தார்கள். ஊசி முனையில் வந்த வெண்புள்ளியை வாங்கி நுண்ணோக்கியின் கீழே வைத்தார்கள். புள்ளி நடந்தது! ஆமையைப் போன்ற உருவம், வெண்ணிறம், முதுகிலே சிறிது கருநிழல், நீண்ட மயிர்கள், விரைந்து நகரும் கால்கள். மேலும் பார்த்தபோது அந்தப் பூச்சி முட்டையிடுவதையும் கண்டார்கள்.

முட்டையிடுகிறது என்றால் என்ன பொருள்? கெட்ட நீர்மத்திலிருந்து பூச்சி தானாகத் தோன்றவில்லை. பூச்சியிலிருந்தே பூச்சி பிறக்கிறது என்று பொருள். ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு இந்நோய் ஏன் தாவுகிறது என்பதற்கும் அதுவே விடை. பெண் பூச்சி ஒன்று இடம் மாறினால் போதும்; புதிய குடியேற்றம் தொடங்கிவிடும்!

இந்த ஆய்வு முடிவுகளை, 1687 ஜூலை 18 ஆம் நாளிட்ட மடலாக, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குப் பொனோமோ எழுதினார். ரெடி யார்? அழுகிய இறைச்சியிலே புழு தானே பிறக்கிறது என்று உலகம் நம்பியபோது, சில குடுவைகளைத் திறந்தும் சில குடுவைகளை மூடியும் வைத்து, ஈ மொய்த்த இறைச்சியில் மட்டுமே புழு தோன்றும் என்று 1668 ஆம் ஆண்டிலே மெய்ப்பித்துக் காட்டியவர். மடல் பிளாரன்ஸ் நகரிலே அச்சேறியது. அதிலே பொனோமோ மருத்துவமும் சொன்னார். உள்ளுக்கு உண்ணும் மருந்துகளால் பயனில்லை. பூச்சி இருப்பது தோலிலே. ஆகவே கந்தகம் போன்றவை சேர்ந்த களிம்புகளைத் தோலிலே பூசிப் பூச்சியைக் கொல்லவேண்டும் என்றார்.

இன்ன நோய்க்கு, இன்ன நுண்ணுயிரே காரணம் என்று மனிதன் கண்ணால் கண்டு, காரணமும் காட்டி, மருந்தும் கூறிய முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று இது. பாஸ்டரும் காக்கும் பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது!

147 ஆண்டு இருள்

உலகம் எழுந்து நின்று வாழ்த்தியிருக்க வேண்டும். வாழ்த்தவில்லை! ரோம் நகரிலே போப்பாண்டவரின் மருத்துவராக விளங்கியவர் லான்சீசி. அவரும் படித்தவரே, பிற்காலத்தில் சதுப்பு நிலக் காய்ச்சலைப் பற்றி நல்ல நூல் எழுதியவரே. எனினும், சொறிக்குக் காரணம் பூச்சி என்பதை அவர் ஒப்பவில்லை. பழைய நீர்மக் கொள்கையின் பக்கமே நின்றார். ஒருபுறம் போப்பாண்டவரின் அரண்மனை மருத்துவர். மறுபுறம் துறைமுகத்து இளைஞர். வாதம் ஓய்ந்தது, இளைஞர் அடங்கினார். 1696 ஆம் ஆண்டிலே பொனோமோ மறைந்தார்.

1703 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு மீட் அந்த மடலின் சாரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஸ்வீடன் நாட்டு உயிர்நூல் அறிஞர்கள் பூச்சிக்கு இனப்பெயரும் வைத்தார்கள். இருந்தும் மருத்துவக் கல்லூரிகளின் மேடையிலே கெட்ட நீர்மமே கொலுவிருந்தது. உண்மை அச்சிடப்பட்டது, ஆனால் ஏற்கப்படவில்லை. அச்சேறிய நூல் அறைக்குள் உறங்க, ஊசி பிடித்த தாய் மட்டும் தெருவோரத்தில் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தாள்.

பிறகு பாரிஸ் நகரிலே ஒரு நாடகம் நடந்தது! தோல் நோய்க்குப் பெயர்பெற்ற சென் லூயி மருத்துவமனையில் மருந்தாளராக இருந்த கலெஸ் என்பவர், 1812 ஆம் ஆண்டிலே மருத்துவப் பட்டத்துக்காக ஓர் ஆய்வுரை அளித்தார். சொறிப் பூச்சியை நூற்றுக்கணக்கிலே கண்டதாகக் கூறினார், படமும் தந்தார். பட்டம் கிடைத்தது, புகழும் வந்தது. ஆனால் அவர் சொன்னபடி கொப்புளத்தைக் கீறிப் பார்த்த மற்றவர்களுக்குப் பூச்சி கிடைக்கவில்லை. ஒருவருக்கும் கிடைக்கவில்லை! ஐயம் வளர்ந்தது. 1829 ஆம் ஆண்டிலே ராஸ்பாய் என்ற அறிஞர் உண்மையை வெட்டவெளிச்சமாக்கினார். கலெஸ் காட்டிய படம் சொறிப் பூச்சியின் படமன்று. பாலாடைக் கட்டியிலே ஊரும் பூச்சியின் படம்!

பொய் செய்யும் கேடு இரண்டு வகைப்படும். முதலிலே தன்னை நம்பச் செய்கிறது. பிறகு, பிடிபட்ட பின்னர், மெய்யையும் நம்பாமல் செய்கிறது. கலெஸ் பொய்யர் என்று தெரிந்ததும், அப்படியானால் பூச்சி என்பதே கட்டுக்கதை என்று பலரும் முடிவுகட்டினர். பூச்சியைக் காட்டுவோருக்கு 300 பிராங்க் பரிசு என்று அறைகூவினார் லுகோல் என்ற மருத்துவர். காட்ட எவரும் வரவில்லை.

வந்தார் ஒருவர்! பேராசிரியரல்லர், மாணவர். ரெனூச்சி என்று பெயர். கார்சிகாத் தீவைச் சேர்ந்தவர். 1834 ஆகஸ்ட் 13 ஆம் நாள், அதே சென் லூயி மருத்துவமனையில், பேராசிரியர் அலிபெரும் மற்றவர்களும் பார்த்திருக்க, ஊசியை எடுத்தார். கொப்புளத்தைத் தொடவில்லை. கொப்புளத்துக்கு அப்பால் தோலிலே மெல்லிய கோடு போல ஓடும் வளையின் முடிவைக் குத்தினார். ஊசி முனையில் வெண்புள்ளி வந்தது. நுண்ணோக்கியின் கீழே வைத்தார்கள், அது நடந்தது!

இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு அவர் தந்த விடைதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. கார்சிகாத் தீவிலே ஏழைப் பெண்கள் இவ்வாறு பூச்சி எடுப்பதைப் பார்த்துக் கற்றாராம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1687 இல் லிவோர்னோவிலே உண்மையைக் கையில் வைத்திருந்தவள் ஏழைத் தாய். 147 ஆண்டுகளுக்குப் பிறகு, 1834 இல் அதே உண்மையைக் கையில் வைத்திருந்தவளும் ஏழைத் தாய்தான். இடைப்பட்ட காலத்திலே பட்டம் பெற்றவர்கள் ஏட்டைப் புரட்டினார்கள், மறுத்தார்கள், பொய் சொன்னார்கள், பரிசு அறிவித்தார்கள். தாயிடம் சென்று, 'அம்மா, எங்கே குத்துகிறாய்? காட்டு!' என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. எழுத்தறியாதவரிடம் அறிவு இருக்காது என்ற எண்ணமும் ஒரு மூடநம்பிக்கைதான். படித்தவர்களிடையே மட்டும் பரவும் மூடநம்பிக்கை!

உள்ளே போகும் நோயா?

பூச்சி வெளிப்பட்ட பின்னரும் பழைய கொள்கை உடனே மாளவில்லை. ஹோமியோபதி மருத்துவ முறையை உண்டாக்கிய ஹானிமன், 1828 ஆம் ஆண்டிலே ஒரு பெருநூல் வெளியிட்டார். நீடித்த நோய்களுள் பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை, அடக்கப்பட்ட சொறியே என்று அதிலே கூறினார். தோலிலே வந்த சொறியைக் களிம்பு பூசி மறைத்தால், அது உள்ளே சென்று உடலைக் கெடுக்கும் என்ற அச்சம் மக்களிடம் வேரூன்றியது. அச்சத்தினால் மருந்து பூசாமல் சொறிந்துகொண்டே வாழ்ந்தவர் பலர்.

அச்சத்தைத் தகர்த்தவர் வியன்னா நகரத்து ஹெப்ரா. தம் உடம்பிலேயே பூச்சியை விட்டுப் பார்த்தார்! நோய் வருவதையும், வளர்வதையும், தோலில் மட்டும் செய்யும் மருத்துவத்தால் அது நீங்குவதையும் கண்டார். 1844 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட ஆய்வுரை, சொறி கெட்ட இரத்தத்தின் வெளிப்பாடு என்ற கொள்கைக்கு முடிவுகட்டியது. பூச்சி இருந்தால் சொறி உண்டு. பூச்சி ஒழிந்தால் சொறி ஒழியும். உள்ளே செல்ல அங்கே எதுவும் இல்லை!

போரை மறுத்தவர்களின் கொடை

நூறாண்டு கழிந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டது. பாசறைகளிலே நெருங்கி வாழ்ந்த படைவீரரிடமும், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒரே இடத்தில் ஒண்டிய மக்களிடமும் சொறி பெருகியது. போர்வையிலும் உடையிலும் பூச்சி ஒளிந்திருக்கிறது என்று கருதி, அவற்றை வேகவைத்துத் தூய்மைப்படுத்துவதிலே இங்கிலாந்து பெரும்பொருளைச் செலவிட்டது.

கென்னத் மெலன்பி என்ற ஆராய்ச்சியாளர் கேட்டார்: உண்மையிலேயே போர்வை வழியாகத்தான் பரவுகிறதா? கேள்விக்கு விடை காண உடல்கள் வேண்டும். கொல்ல மாட்டோம் என்று கூறிப் போர்ப்பணியை மறுத்த இளைஞர்கள் முன்வந்தனர். 1941 ஆம் ஆண்டிலே ஷெபீல்டு நகரில் ஆய்வு தொடங்கியது. சொறி பிடித்த வீரர்கள் கழற்றிய உள்ளாடைகளைத் துவைக்காமலே அணிந்தனர். அவர்கள் போர்த்திய போர்வைகளைப் போர்த்திப் படுத்தனர். மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. ஆனால் நோயாளியோடு ஒரே படுக்கையில் உடலோடு உடல் படக் கிடந்தபோது தொற்றியது.

விடை தெளிவாயிற்று. போர்வையைவிட நெருக்கமே பெரிய வழி! தாயும் சேயும், கணவனும் மனைவியும், ஒரே பாயிலே படுக்கும் உடன்பிறந்தாரும்தான் ஒருவருக்கொருவர் தந்துகொள்கிறார்கள். பொனோமோ தம் மடலிலே துணிகளையும் படுக்கைகளையும் காட்டியிருந்தார். பூச்சிக்கு ஆறு கால் என்றும் எழுதியிருந்தார். வளர்ந்த பூச்சிக்குக் கால் எட்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத்தான் ஆறு. வழிகாட்டியவரே சில இடங்களில் பிழைபட்டார், பின்வந்தவர்கள் திருத்தினார்கள். திருத்தியதால் பொனோமோவின் புகழ் குறையவில்லை. அறிவியலுக்கு ஆசான்கள் உண்டு. மறைநூல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தோழர்கள் தந்த மற்றோர் உண்மை இன்னும் வியப்பானது. முதன்முறை பூச்சி ஏறியவருக்கு உடனே அரிப்பதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே இருப்பதில்லை! நோய் நீங்கி, மறுமுறை பூச்சி ஏறினாலோ ஒரே நாளில் அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே அரிப்பு, பூச்சி கடிப்பதால் மட்டும் வருவதன்று. பூச்சியையும், அதன் முட்டையையும், கழிவையும் பகையென்று நம் உடல் கற்றுக்கொள்ள வேண்டும். கற்ற பின்பே அரிப்பு. ஒருவர் உடலிலே சராசரியாகப் பதினொரு பெண் பூச்சிகளே இருக்கும் என்றும் மெலன்பி கணக்கிட்டார். பதினொன்றே! அவை இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்றால், அது உடல் எழுப்பும் எச்சரிக்கைக் குரலின் வலிமை.

ஏன் சொறிகிறோம்?

எச்சரிக்கை என்ற சொல்லிலேதான் சொறிவதற்கான விடையும் இருக்கிறது. 1660 ஆம் ஆண்டிலே செருமானிய மருத்துவர் ஹாபென்ரெபர் அரிப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்: சொறியும் விருப்பத்தைத் தூண்டும் இனிமையற்ற உணர்ச்சியே அரிப்பு. இன்றளவும் மருத்துவ நூல்கள் அதைத்தான் சொல்கின்றன.

அரிப்பு என்பது வலியின் தம்பி, வலி குறைந்தால் அரிப்பு என்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் இரண்டின் போக்கையும் பாருங்கள். நெருப்புச் சுட்டால் கையை இழுத்துக்கொள்கிறோம். எறும்பு ஊர்ந்தால் கையை அங்கே கொண்டு செல்கிறோம். வலி விலகச் சொல்கிறது. அரிப்பு நெருங்கச் சொல்கிறது. வலியைத் தணிக்கும் அபினி வகை மருந்துகள் அரிப்பைத் தணிப்பதில்லை. பலருக்கு அரிப்பை உண்டாக்குகின்றன! இதயத்திலே வலி வரும். எலும்பிலே வலி வரும். அங்கெல்லாம் அரிப்பு வருவதில்லை. நகம் எட்டக்கூடிய வெளிப்புறத்திலேதான் அரிப்பு. மேலே ஏறிய பூச்சியைத் தட்டிவிடவும், ஒட்டிய முள்ளை அகற்றவும் உடல் வளர்த்துக்கொண்ட காவல் முறை அது. குரங்கு சொறிவதும், நாய் காலைத் தூக்கிச் சொறிவதும், எருமை மரத்தில் உராய்வதும் அதே காவலின் வேலைதான்.

காவலன் எப்படிச் செய்தி அனுப்புகிறான்? கொசு கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் இறங்குகிறது. தோலிலுள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. அது நுண்ணிய நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அரிப்பை எடுத்துச் செல்லும் நரம்பிழைகளை மனிதத் தோலிலே 1997 ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர்; அவற்றில் செய்தி நொடிக்கு அரை மீட்டர் அளவே செல்கிறது. 2007 ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர்கள், எலியின் தண்டுவடத்தில் வலியைத் தொடாமல் அரிப்பை மட்டும் கடத்தும் வாயில் ஒன்றைக் கண்டனர். அரிப்பு வலியின் தம்பியன்று. தனிக்குடித்தனம் நடத்தும் உணர்ச்சி!

சொறிந்தால் சுகம் ஏன்? நகம் கீறும்போது சிறு வலி பிறக்கிறது. அந்த வலி தண்டுவடத்திலே அரிப்பின் வழியை அடைக்கிறது, மூளையும் மகிழ்கிறது. ஆனால் வலியை அடக்க மூளை அனுப்பும் செரோட்டோனின் என்ற பொருள், அரிப்பின் நரம்பையும் மறுபடி கிளப்பிவிடுகிறது. ஆகவேதான் சொறியச் சொறிய அரிக்கிறது. அரிக்க அரிக்கச் சொறிகிறோம். கீறிய தோலில் கிருமி நுழைகிறது, சீழ் பிடிக்கிறது. சிலருக்கு அந்தக் கிருமியினால் சிறுநீரகமே கெடுகிறது. அற்பச் சொறிதானே என்று அலட்சியப்படுத்தப்பட்ட பிள்ளை முகம் வீங்கி மருத்துவமனைக்குச் செல்வது இப்படித்தான்.

அரிப்பெல்லாம் பூச்சியினால் வருவதன்று என்பதையும் சொல்லவேண்டும். மஞ்சள் காமாலையிலும், சிறுநீரகக் கோளாற்றிலும், ஒவ்வாமையிலும் அரிப்பு உண்டு. காரணம் கண்டு மருந்து தேடுவதே அறிவுடைமை. ஆனால் இரவிலே மிகும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கொப்புளம், வீட்டிலே ஒன்றுக்கு மேற்பட்டோர் சொறிதல் என்ற மூன்றும் சேர்ந்தால், அந்தப் பழைய பூச்சியின் மீது ஐயம் கொள்ளலாம்.

வகுப்பறையிலே

நான் சிறுவர்களுக்குப் பாடம் சொல்பவன். கரும்பலகையைப் பார்க்கவேண்டிய கண்கள் அரைத்தூக்கத்தில் சொக்குவதையும், எழுதவேண்டிய கை விரலிடுக்கைச் சொறிவதையும் காண்கிறேன். அந்தப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது! 'குளிக்காதவன்' என்று பெயர் சூட்டுகிறோம். அவனோ நாள்தோறும் குளிக்கிறான். குளிப்பதால் இந்தப் பூச்சி சாவதில்லை, அது தோலின் மேலடுக்கிற்குள்ளே வளை தோண்டி வாழ்கிறது. அவன் வீட்டிலே ஏழு பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள், அதுதான் காரணம். பூச்சி குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. நெருக்கத்தை மட்டும் கேட்கிறது. நெருக்கத்தைத் தருவது வறுமை. வறுமையின் குற்றத்துக்குக் குழந்தைக்குத் தண்டனையா?

உலகச் சுகாதார நிறுவனம் 2017 ஆம் ஆண்டிலே சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் இருபது கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருக்கிறது என்பது அதன் மதிப்பீடு. புறக்கணிக்கப்பட்ட நோய் என்றால் என்ன? புறக்கணிக்கப்பட்ட மக்களுக்கு வரும் நோய்!

தீர்க்க முடியாத நோயா இது? பிஜித் தீவுகளிலே நடத்திய ஆய்வு ஒன்று 2015 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் என்ற மாத்திரையைத் தந்தார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சொறி, ஓராண்டிலே நூற்றுக்கு 2 பேர் என்ற அளவுக்கு வீழ்ந்தது. அந்த மருந்தைக் கண்டதற்காக ஓமுராவும் கேம்பெல்லும் அதே 2015 ஆம் ஆண்டிலே நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

வீட்டளவிலும் வழி இதுவே. மருத்துவர் சொற்படி பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை இரவிலே பூசி, காலையிலே கழுவவேண்டும். சில நாள் கழித்து மறுமுறையும் பூசவேண்டும். சொறிபவருக்கு மட்டும் பூசினால் போதாது. அரிப்பில்லாதவர் உள்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். முதல் சில வாரங்கள் அரிப்பே இல்லாமல் பூச்சி குடியிருக்கும் என்று ஷெபீல்டு இளைஞர்கள் காட்டினார்கள் அல்லவா, அந்த அறிவுதான் இந்த விதிக்கு அடிப்படை. பூச்சி மாண்ட பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கக்கூடும். மருந்து பொய்த்தது என்று கைவிடலாகாது.

தோல்நோய் தீரவேண்டிக் குளத்திலே வெல்லம் கரைப்போர் நம் நாட்டில் உண்டு. கரைக்கும் தாயின் கவலையை நான் எள்ளி நகையாடமாட்டேன். அவள் பிள்ளை இரவெல்லாம் உறங்கவில்லை. ஆனால் குளத்திலே வெல்லம்தான் கரையும். தோலின் வளைக்குள் இருக்கும் பூச்சி கரையாது. அந்தத் தாயிடம் சென்று, பக்கத்திலே உட்கார்ந்து, பிள்ளையின் விரலிடுக்கைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு வழி காட்டுவது நம் வேலை. அவள் கேட்கமாட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். லிவோர்னோவிலும் கார்சிகாவிலும் பேராசிரியர்களுக்கு முன்னே உண்மையைக் கண்டவள் அவளைப் போன்ற தாய்தானே!

பொனோமோவின் பெயர் நூல்களில் இருக்கிறது; ரெனூச்சியின் பெயரும் இருக்கிறது. ஊசி பிடித்த அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுக்குச் சிலை எழுப்ப வேண்டியதில்லை. கண்ணால் காண்பதைக் கருத்தால் ஆராய்வோம்; எளியவர் சொல்வதையும் செவிகொடுத்துக் கேட்போம்; கேட்டறிந்த உண்மையை மறுபடி எளியவர் வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம். உங்கள் தெருவிலே இன்றிரவு உறங்காமல் சொறிந்துகொண்டிருக்கும் குழந்தை ஒன்றாவது இருக்கும். தொடங்குவதற்கு அந்த ஒரு வீடு போதும்!